கதையை மிஷினா எழுதணும்?

வெள்ளத்தைப் பற்றி ஒரு கதை எழுதி வரச் சொன்னார்களாம் அக்கா மகளுக்கு. ஏழாம் வகுப்பு. 'கற்பனைத் திறன் வளர்க்கும் பயிற்சி', அதுவும் ஏஐ துணையோடு! வாங்கி வாசித்தேன். நதிக்கரையில் ஓர் அழகிய கிராமம், மீனா என்றொரு சுட்டிப்பெண், கடைசியில் 'ஒற்றுமையே பலம்'. 100க்கு 95 மதிப்பெண்!

எனக்கு வயிறு எரிந்தது. காரணம் இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைத் தாமிரபரணிக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தவித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சோறாக்கிப் போட்டார்கள். அந்த ராத்திரி இந்தப் பிள்ளை ஆச்சியோடு தட்டட்டியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வெள்ளாட்டுக்குட்டியோடு.

95 மார்க் கதையில் ஆச்சியும் இல்லை, ஆடும் இல்லை!

மிஷினைத் திட்டிப் பயனில்லை. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்துவிட்டு, அடுத்து வர வாய்ப்புள்ள சொல்லைப் போடுவதுதான் அதன் வேலை. ஊரெல்லாம் எழுதிய கதைதான் அதிலிருந்து வரும். எங்க ஆச்சி பேசினது எந்தப் பக்கத்தில் இருக்கு, அது படிக்க? அதைச் சொல்ல இந்தப் பிள்ளைதான் உண்டு. அவள் வாயையும் அடைத்துவிட்டு, அதற்குப் பேர் படைப்பாற்றலாம்!

'வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்கு இது துணைதானே?' என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் துணையாக மட்டும் இருக்கட்டுமே.

போன ஞாயிற்றுக்கிழமை, "நீ கதை எழுதாதே, பிள்ளையிடம் கேள்வி மட்டும் கேள்" என்று அதில் தட்டினேன். 'அந்த இரவில் என்ன சத்தம் கேட்டது?' என்று வந்தது. பிள்ளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு அடுப்படிக்கு ஓடினாள்.

"ஆச்சி, அன்னைக்கு என்ன சத்தம் கேட்டுச்சு?"

"தண்ணி ஏறுன பெறவு ஒரு தவள கூட கத்தலட்டி. அதுக்குத்தான் பயந்தேன்."

இந்தப் பதில் எந்தக் கம்ப்யூட்டரிலும் கிடையாது. ஆனால் அந்தக் கேள்வி இல்லாவிட்டால் இதுவும் வந்திருக்காது. ஒத்துக்கொள்கிறேன்.

ஆசிரியர்களே, பெற்றோர்களே... முதலில் பிள்ளை சொல்லட்டும், வரையட்டும். அப்புறம் மிஷின் கேள்வி கேட்கட்டும். பதில் வீட்டிலிருந்தும் ஆற்றங்கரையிலிருந்தும் வரட்டும். எழுதுவது பிள்ளையின் கையாகவே இருக்கட்டும்.

புதுக்கதையில் எழுத்துப்பிழை பதினொன்று. மார்க் குறையும்தான். பிழையில்லாத நடைக்கா, பிள்ளை கண்டதற்கா, எதற்கு மார்க் போடுகிறீர்கள்? அதை முதலில் முடிவு பண்ணுங்கள்.