ஒரே பட்டி, ஒரே தொட்டி, இரண்டு ஈரல்

தூத்துக்குடி, விருதுநகர் கரிசல் பக்கம் வேம்பூர்ச் செம்மறியும் கன்னி வெள்ளாடும் ஒரே பட்டியில் அடைவது புதிதல்ல. செம்மறி குனிந்து புல்லை மேயும். வெள்ளாடு பின்னங்காலில் எழும்பிக் குழையைக் கடிக்கும். மேய்ச்சலில் பெரிய போட்டி கிடையாது என்பதால் இந்தக் கலப்பு மந்தை காலங்காலமாகத் தாக்குப்பிடித்து வருகிறது. அதில் தப்பே இல்லை. காட்டில் சரியாக வந்த கணக்கைத் தீவனத் தொட்டிக்கும் இழுத்து வந்ததுதான் தப்பு. “செம்மறியானால் என்ன, வெள்ளாடானால் என்ன, குட்டி குட்டிதானே, ஒரே தீவனத்தைக் கொட்டு” என்ற பேச்சு, புதிதாகப் பண்ணை போடுகிறவர்களிடமும் அனுபவசாலிகளிடமும் ஒன்றுபோலப் புழங்குகிறது. செம்மறிக் குட்டிக்கு இந்தப் பேச்சு எமன்.

குட்டித் தீவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குட்டி குடிக்கும் பால், அசைபோடும் பெரிய வயிற்றைத் தொடாமல் நேரே நான்காம் வயிற்றுக்குப் போய்விடுகிறது. தானியம் உள்ளே போய்ப் புளித்து உண்டாகும் அமிலங்கள்தான் பெரிய வயிற்றின் உட்சுவரை வளர்க்கின்றன. தாயின் பாலோ மூன்று, நான்கு வாரத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடும். ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்தே மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, தவிடு கலந்து, புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் தடுப்புக்குள் வைப்பது நல்ல வழக்கம். தடுப்பின் சந்தில் குட்டியின் தோள் நுழைய வேண்டும், தாயின் மார்பு மாட்டிக்கொள்ள வேண்டும். கிடைபோடும் கீதாரிகளுக்கு இந்த யோசனை அந்நியமானதல்ல. அவர்கள் கவிழ்க்கும் குடாப்புக் கூடையிலிருந்து குட்டி வெளியே வர முடியாது. இங்கே தாய் உள்ளே போக முடியாது.

வில்லங்கம் அந்தத் தொட்டியில் கலக்கும் தாது உப்பில் இருக்கிறது; குறிப்பாகத் தாமிரத்தில்.

மிஞ்சிய தாமிரத்தைப் பித்தநீர் வழியே வெளியேற்றும் திறமை செம்மறிக்கு மிகக் குறைவு. அது ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் செம்மறித் தீவனத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 15 மில்லிகிராம். மாலிப்டினம் குறைந்த தீவனமாக இருந்தால் அதற்குக் கீழேயும் ஆபத்து உண்டு. வெள்ளாடு இதைவிடக் கூடுதலாகத் தாங்கும். இப்போது மாட்டுக்கான தாது உப்புப் பையை எடுத்துப் பாருங்கள். தாமிரம் 0.1 சதவீதம் என்று போட்டிருந்தால், அதை 2 சதவீதம் கலந்த தீவனத்தில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் சேர்ந்துவிடும். பிண்ணாக்கிலும் தவிட்டிலும் இயல்பாகவே உள்ளது தனி. வரம்பு அங்கேயே உடைந்துபோகிறது.

“என் பட்டியில் இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். ஆகாது; அதுதான் இந்த நஞ்சின் குணம். குட்டி கொழுகொழுவென்று வளரும், எடை ஏறும். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு தாய்ப்பாலை மறக்கடிக்கும்போதோ, எட்டயபுரம் சந்தைக்கு வண்டி ஏற்றும்போதோ ஈரல் ஒரேயடியாகத் தாமிரத்தை இரத்தத்தில் இறக்கும். சிவப்பணுக்கள் உடையும். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் மஞ்சள், சிறுநீர் கருஞ்சிவப்பு. ஓரிரு நாளில் குட்டி விழும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் கருநீலமாக இருக்கும். பக்கத்தில் அதே தொட்டியில் தின்ற வெள்ளாட்டுக் குட்டி துள்ளிக்கொண்டிருப்பதால் தீவனத்தின் மேல் யாருக்கும் சந்தேகம் வராது. துள்ளுமாரி என்றோ காமாலை என்றோ திருஷ்டி என்றோ பெயர் வைத்துப் புதைத்துவிடுவார்கள்.

அதற்காகத் தாமிரத்தை அடியோடு ஒழிப்பதும் முட்டாள்தனம். பற்றாக்குறை வந்தால் குட்டிகளுக்குப் பின்னங்கால் தள்ளாடும். வெள்ளாட்டின் மயிர் வெளிறும். ஆகவே பொதுத் தொட்டி என்றால் தீவனத்தைச் செம்மறியின் வரம்புக்குள் நிறுத்துவதே ஒரே வழி. வெள்ளாட்டுக்குக் குறை தெரிந்தால், கால்நடை மருத்துவரின் அளவுப்படி அதற்கு மட்டும் தனியாகக் கொடுக்கலாம். யூரியா கலந்த மாட்டுத் தீவனம் குட்டிகளிடம் போகவே கூடாது.

தொட்டியின் அமைப்பிலும் பேதம் உண்டு. வெள்ளாட்டுக் குட்டி தொட்டிக்குள் ஏறி நின்று புழுக்கை போடும். அந்தத் தீவனத்தைத் தின்னும் மற்ற வெள்ளாட்டுக் குட்டிகளுக்கு இரத்தக் கழிச்சல் பரவும். தொட்டியின் மேலே நீளவாக்கில் ஒரு கம்பைக் கட்டினால் பெருமளவு தடுக்கலாம். செலவு அந்தக் கம்பின் விலைதான்.

அடுத்த முறை தீவனம் வாங்கப் போகிறவர்கள் புரதம் எவ்வளவு என்று மட்டும் கேட்டு வராதீர்கள். தாமிரம் எவ்வளவு என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையின் மூட்டையைச் செம்மறி இருக்கும் பட்டிக்குள் இறக்க வேண்டாம்.