தாழிட்டவன் கோழையல்லன்

சூதாடிக்கு அறிவுரை கூற நம்மிடையே ஆயிரம் நாக்குகள் உண்டு. அவனே சூதாட்டக்கூடத்தின் வாயிலைத் தனக்கெதிராய் அடைக்க முன்வந்தால், "மனவுறுதி அற்றவன்!" என்று எள்ளி நகைப்பவையும் அதே நாக்குகள்தாம். இது என்ன நீதி?

சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறக்கப்பெற்றன. அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. அன்று 100 வெள்ளி, 2019 முதல் 150 வெள்ளி. ஜொகூரிலிருந்து பாலங்கடந்து பிழைக்கச் செல்லும் நம்மவர்க்கு அத்தடையும் இல்லை. கட்டணம் செலுத்துபவனோ, அதையும் ஆடியே மீட்கலாம் என்று எண்ணுவான்!

ஆதலின் உண்மையான அரண், தன்னை உள்ளே விடவேண்டா எனத் தானே விண்ணப்பித்துப் பெறும் தன்விலக்கே. அங்குப் பணிபுரியும் அயல்நாட்டவரும் அதனைப் பெறலாம். ஓராண்டு கழியாமல் அதனை நீக்கிக்கொள்ள இயலாது. அதுவே அதன் உயிர்நாடி. தெளிந்த பொழுதில் இட்ட கையெழுத்தை மயங்கிய நள்ளிரவு அழிக்க முடிவதில்லை.

விலக்குப் பெற்றோர் பலர், நாள்தோறும் தம்மோடு தாமே போராடும் பாரம் குறைந்தது என்பர். வேறு சிலரோ நான்கு இலக்கச் சீட்டுக்கும் கெந்திங் மலைக்கும் திசைமாறினர். ஒரு கதவு அடைபட்டதனாலேயே நோய் தீர்ந்துவிடாது; உற்றாரின் துணையும் வேண்டும். ஏளனம் துணையாகுமா?

ஆசிரியப் பெருமக்களே! திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்விப்பதோடு நின்றுவிடாதீர்கள். சூதின் தீமையைச் சொல்லும் நாவால், அதிலிருந்து மீள முனைபவனின் பெருமையையும் சொல்லுங்கள். தந்தை அக்கையெழுத்தை இட்டதற்காக எந்த மாணவனும் தலைகுனியலாகாது!