முண்டியம்பாக்கத்துக்கு ஒருமுறை போய்வந்தால் போதுமா?

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு, பொறுங்க." ரெண்டு வயதாகியும் பேசாத குழந்தை இருக்கும் வீட்டில் இதை யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். சில குழந்தைகள் தாமதமாகப் பேசுவது உண்மைதான். ஆனால் இந்தக் குழந்தை தாமதமாகப் பேசப்போகிறதா, இல்லை இதுக்குக் காதே கேட்கவில்லையா என்பதை முகத்தைப் பார்த்துப் பாட்டியாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் சொல்ல முடியாது. செவித்திறன் பரிசோதனை செய்துதான் ஆகணும். காது கேளாத குழந்தைக்கு முதல்வரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் கிடைக்கும். வயது வரம்பு 6. பொறுத்துப் பார்க்கும் வருடமெல்லாம் அதிலிருந்துதான் கழிகிறது.

எப்போது கவலைப்படணும்?

ஐந்து மாதத்தில் தலை நிற்கவில்லை, பத்து மாதத்தில் தனியாக உட்காரவில்லை, ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, ரெண்டு வயதில் ரெண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் காட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை பேச்சை நிறுத்திவிட்டால், எந்த வயதானாலும் உடனே. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். திருவனந்தபுரத்தில் உருவான, 17 கேள்விகள் கொண்ட ஒரு அட்டவணையை வைத்து அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

கண்டுபிடிக்க அரசு ஏற்பாடும் இருக்கு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு வருடத்துக்கு ரெண்டு முறை அங்கன்வாடிக்கு வரணும். சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பணும். மாவட்டத்துக்கு ஒரு மையம். விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. கண்டுபிடிப்பது ஒருநாள் வேலை. பயிற்சி அப்படியல்ல, வாராவாரம், மாதக்கணக்கில், சில குழந்தைகளுக்கு வருடக்கணக்கில். திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் சுமார் 30 கிலோமீட்டர். மரக்காணத்துக்காரர்களுக்குத் திண்டிவனம் வரவே இன்னும் அவ்வளவு தூரம். மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில் மட்டும்தான். வெளியூர் பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணும். கால்கள் விறைத்த நாலு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் மாறணும். அன்றைய கூலியும் போச்சு. நாலு வாரம் போவாங்க, அஞ்சாவது வாரம் நடவு வந்துவிடும். பதிவேட்டில் 'வரவில்லை' என்று எழுதப்படும். அலட்சியம் என்று நாமும் சொல்லிவிடுவோம்.

எனக்கு இதில் ஒரு ஆதங்கம். 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்குது. பெரியவர்களுக்கு பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபிஸ்டும் வருகிறார். பாராட்டணும். அதே தெருவில் இருக்கும் ரெண்டு வயதுக் குழந்தையின் பயிற்சி மட்டும் ஏன் வாராவாரம் பஸ் ஏறணும்?

வீடு தேடிப் போவது முடியாத காரியமில்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில், 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதைச் செய்துகாட்டியிருக்கிறது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்குப் போகிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தை மொபைல் செயலியில் பதிகிறார்கள். தெரபிஸ்ட் அதைப் பார்த்து அடுத்து என்ன செய்யணும்னு சொல்கிறார். முக்கியமா, அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தெரபிஸ்ட் வாரத்துக்கு முக்கால் மணி நேரம்தான் இருப்பார். குளிக்க வைப்பதும், சோறு ஊட்டுவதும், விளையாடுவதும் அம்மாவோ பாட்டியோதானே? உண்மையான பயிற்சி அங்கேதான் நடக்கிறது.

உலக வங்கி உதவியோடு நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' மையங்கள் இந்தத் தூரத்தைக் குறைக்க வந்தவை. நல்ல திட்டம். ஆனால் எத்தனை மையம் திறந்தோம், எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தோம் என்று மட்டும் கணக்குக் காட்டினால் பழைய கதைதான். பயிற்சி தொடங்கிய குழந்தைகளில் ஆறாவது மாதமும் எத்தனை பேர் தொடர்கிறார்கள்? ஒன்றியவாரியாக அந்த எண்ணை வெளியிடச் சொல்லிக் கேட்கணும்.

சென்னையில் வேலை, குழந்தை திண்டிவனத்தில் தாத்தா பாட்டியிடம் என்றிருப்பவர்களுக்கு ஒன்று. பிளே ஸ்கூலுக்குப் போகும் அல்லது வீட்டிலேயே இருக்கும் குழந்தை, அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவின் கண்ணில் படாமலே போகலாம். இந்த வார இறுதியில் ஊருக்குப் போனால், தெரு அங்கன்வாடியில் உங்கள் பிள்ளை பேர் பதிவாகியிருக்கா, குழு அடுத்து எப்போ வருதுன்னு கேட்டுவிட்டு வாங்க.