சாந்து இல்லாத சுவர்கள்

வெர்னாட்சாவில் கடைசிப் படகு கிளம்பிப் போனபிறகு மலையேறுவது நல்லது. பகலில் மலைப்பாதையில் அத்தனை கூட்டம்; ஒருவர் சுவரோரம் ஒதுங்கி நின்றால்தான் எதிரே வருபவர் கடக்க முடியும். பொழுது சாய்ந்தபின் ஆள் அரவம் குறைந்துவிடும். கடல் மேற்கே விரிந்து கிடப்பதால் கடைசி வெயில் முழுவதும் மலைமேல்தான் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் சுவர்கள் துலக்கமாகத் தெரியும். நான் பார்க்கப் போனதும் அவற்றைத்தான்.

இத்தாலியின் வடமேற்குக் கரையில், லிகூரியா மாநிலத்தில், மலை கடலுக்குள் இறங்குகிற இடத்தில் ஐந்து சிற்றூர்கள் இருக்கின்றன. மோன்டெரோஸ்ஸோ, வெர்னாட்சா, கொர்னீலியா, மனரோலா, ரியோமஜ்ஜோரே. ஐந்தையும் சேர்த்து சிங்குவே தெர்ரே என்கிறார்கள். 1874இல் ரயில் வரும்வரை ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகப் படகு வேண்டும், இல்லையென்றால் இந்தக் கல்பாவிய ஒற்றையடிப் பாதை. வெர்னாட்சாவிலிருந்து மோன்டெரோஸ்ஸோவுக்கு மூன்றரை கிலோமீட்டர் சொச்சம். ஏற்ற இறக்கம் அதிகம் என்பதால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். கூடையைத் தலையில் சுமந்த பெண்களும் கோவேறு கழுதைகளும் நடந்து நடந்து படிக்கற்களின் நடுப்பகுதி வழுவழுத்துப் போயிருக்கிறது.

ஊரைத் தாண்டிக் கொஞ்சம் ஏறியதும் எல்லோரும் ஓரிடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். கீழே சிறு துறைமுகம், டோரியா கோட்டையின் வட்டக் கோபுரம், தண்ணீரை ஒட்டி நிற்கும் தேவாலயம், மஞ்சளும் ரோஜா நிறமுமாக ஒன்றோடொன்று நெருக்கி நிற்கும் வீடுகள். படம் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், காட்சி அப்படி. ஆனால் அவர்கள் அதே இடத்தில் நின்று மலைப்பக்கமாகவும் ஒருமுறை திரும்ப வேண்டும் என்று எனக்கு ஆசை.

மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய நிலம். ஒவ்வொரு படிக்கும் ஒரு கல்சுவர். கொடைக்கானல் மேல்மலையில் பூம்பாறைப் பூண்டு வயல்களைப் பார்த்தவர்களுக்கு அமைப்பு சட்டென்று பிடிபடும். இங்கே விளைவது திராட்சை. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாகக் கட்டியும், இடிந்ததை எடுத்துக் கட்டியும் வந்திருக்கிறார்கள். சுண்ணாம்பும் கிடையாது, சிமென்ட்டும் கிடையாது. கல்லின் கனத்தையும் வைத்த கையின் நிதானத்தையும் நம்பித்தான் சுவர் நிற்கிறது.

அன்று மாலை ஒரு பெரியவர் சரிந்த சுவர் ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இத்தாலி மொழி வராது, அவருக்கு வேறெதுவும் வராது. பாதையோரம் நின்று பார்த்தேன். ஒரு கல்லை எடுத்துக் கையிலேயே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். உட்காரும் முகம் அகப்பட்டதும் வைத்தார். உள்ளங்கையால் அழுத்தி ஆட்டிப் பார்த்தார். அசைந்தது. எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தார். கீழ்வரிசையின் மூட்டுக்கு நேர்மேலே இன்னொரு மூட்டு வரவிடவில்லை. முகப்புக்குப் பின்னால் உடைகல்லைக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுத் திணித்தார். மழைநீர் வடிந்து போக அதுதான் வழி. மண் தண்ணீரைக் குடித்துக் கனத்துச் சுவரைத் தள்ளாமல், கல்லிடுக்கு வழியே நீர் கசிந்து வெளியேறிவிடும். சாந்து போட்டு மூடிய சுவருக்கு அந்த வசதி இல்லை. கிளம்பும்போது பக்கத்துச் சுவரில் உப்பிக்கொண்டிருந்த ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டி, தன் வயிற்றின்மேல் கையை வளைத்துக் காட்டினார். சுவர் வயிறு தள்ளிவிட்டது. அடுத்த பெருமழைக்குத் தாங்காது.

அந்த மழை என்ன செய்யும் என்பது இந்த ஊருக்குத் தெரியும். 2011 அக்டோபர் 25ஆம் தேதி சில மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்தது. மலையிலிருந்து மண்ணும் கல்லும் மரமுமாக இறங்கி வெர்னாட்சாவின் ஒரே பெரிய தெருவை நிறைத்தன. அந்தத் தெருவே ஓடையை மூடி அதன்மேல் போட்டதுதான். வெள்ளம் தன் பழைய தடத்திலேயே வந்தது. கடைகளின் தரைத்தளம் சேற்றில் புதைந்தது. ஊரில் மூன்று பேர் இறந்தார்கள்.

மலையில் எங்கே சரிந்தது என்று நிலவியலாளர்கள் பின்னால் ஆராய்ந்தார்கள். உழவு நடக்கும் படிகள் ஓரளவு தாங்கியிருந்தன. கைவிட்டு வெகுகாலமாகி, மரம் வேரோடி மீண்டும் காடாகிவிட்ட இடங்களும் அப்படியே. அதிகம் சரிந்தவை கைவிட்டுச் சில பத்தாண்டுகளே ஆன படிகள். சுவரைக் கவனிக்க மனிதனும் இல்லை, மண்ணைப் பிடிக்க வேரும் இன்னும் இல்லை.

ஏன் கைவிட்டார்கள்? பக்கத்து லா ஸ்பெஸியாவில் கடற்படைத் தளம் வந்தது; மாதச் சம்பளம் வந்தது. ரயில் அங்கே போவதைச் சுலபமாக்கிவிட்டது. பிறகு திராட்சைக் கொடிகளைப் பூச்சி அழித்தது. கடைசியாகச் சுற்றுலா. ஓர் அறையை வாடகைக்கு விட்டால் கிடைக்கும் காசு, ஆண்டு முழுவதும் முதுகு ஒடியக் கொடியைப் பார்த்தாலும் கிடைக்காது. போனவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தச் சரிவில் அறுவடைக் கூடையோடு ஏறுவது என்னவென்று வெறுங்கையோடு ஏறும்போதே முழங்கால் சொல்லிவிடுகிறது. இப்போது சில சரிவுகளில் ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரத்தால் ஏறும் சிறு வண்டிகள் கூடைகளைச் சுமக்கின்றன. கல்லை இன்னும் கைதான் அடுக்க வேண்டும்.

இந்தப் பகுதியை 1997இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. 2018இல் சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையையே, இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில், மனிதகுல மரபாகப் பதிவுசெய்தது. பட்டங்களுக்குக் குறைவில்லை. ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் பெயர்பெற்ற காதல் பாதை ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 2012இல் பாறை சரிந்து மூடப்பட்ட அதை, இரண்டு கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்து 2024இல் திறந்தார்கள். செலவழித்தது தப்பில்லை. ஆனால் எந்தப் பயணியும் படம் எடுக்காத மேல்படிகளில் வயிறு தள்ளி நிற்கும் சுவர்களுக்கு அந்த அவசரம் வருவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம். கரையோரப் பாதையில் நடக்கச் சீட்டு வாங்குகிறோம். அந்தப் பணத்தில் முதல் பங்கு கல் அடுக்குபவரின் கூலியாக வேண்டும்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு மனரோலாவுக்கு மேலே இடிந்த சுவர்களைத் திரும்பக் கட்டும் திட்டம் ஒன்றைச் சிங்குவே தெர்ரே தேசியப் பூங்கா தொடங்கியது. வேலையில்லாதவர்களுக்கும் தஞ்சம் தேடி வந்தவர்களுக்கும் இந்தத் தொழிலைப் பழக்கியதும் அதில் அடக்கம். சொந்த ஊரை விட்டு வந்தவர்கள் இன்னோர் ஊரின் மலையைப் பிடித்து நிறுத்தப் படித்தார்கள் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. படித்து முடித்தவர்களை அங்கேயே நிரந்தர வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் தேவைப்படும் படிகள் ஐந்து ஊருக்கும் மேலே ஏராளம்.