அட்வான்ஸ் யாருடைய பணம்?

சுந்தரபாண்டியத்தில் இருந்து பிழைப்புக்காக ராஜபாளையம் வந்த ஒரு குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். மாத வாடகை ரூ.4,000. அட்வான்ஸ் ரூ.12,000.

ஆலை வேலை நின்றது. இரண்டு மாத வாடகை பாக்கி விழுந்தது. வீட்டுக்காரர் வழக்குப் போட்டார். உத்தரவு வாங்கி வீட்டைக் காலி செய்ய வைத்தார்.

சாமான்கள் வண்டியில் ஏறிவிட்டன. "அய்யா, அட்வான்ஸ்...?" என்று கேட்கிறார் குடித்தனக்காரர்.

"பாக்கி வைத்தவனுக்கு அட்வான்ஸ் வேறா?" என்கிறார் வீட்டுக்காரர்.

இது நியாயம் அல்ல. சட்டமும் அல்ல.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்ட வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், வரவேண்டியதைக் கழித்துக் கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்கிறது அது.

எதைக் கழிக்கலாம்? வாடகை பாக்கி ரூ.8,000. மின்சாரக் கட்டணம் ரூ.400. உடைந்த பூட்டு, ஜன்னல் கண்ணாடிக்கு ரூ.600. ஆக ரூ.9,000. மீதி ரூ.3,000 குடித்தனக்காரருடையது. அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அவர் கையில் இருப்பது அதுதான்.

இங்கேதான் "வெள்ளை அடிக்க ரூ.5,000" என்று ஒரு கணக்கு வரும். அதையும் கழித்தால் குடித்தனக்காரர் ரூ.2,000 கடன்காரர் ஆகிவிடுவார்! ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், வெள்ளை அடிப்பதும் கதவுக்கு வர்ணம் பூசுவதும் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்சு, பூட்டு, கண்ணாடி ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு.

பழைய 1960-ம் ஆண்டுச் சட்டம், ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்றது. அதை எத்தனை பேர் பொருட்படுத்தினார்கள்? வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் உச்ச அளவு என்கிறது புதுச் சட்டம்.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் பணக்காரர்கள் அல்ல. வாங்கிய அட்வான்ஸை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்தவர்கள் உண்டு. "புதுக் குடித்தனம் வரட்டும், தருகிறேன்" என்பார்கள். அவர்கள் சங்கடம் நமக்குப் புரிகிறது. ஆனால் புதுக் குடித்தனம் வரும்வரை சட்டத்தின் ஒரு மாதக் கெடு காத்திருக்காது.

வீட்டுக்கு வரும்போதே ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். கழிக்க வேண்டியதை நோட்டுத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். தகராறு வந்தால் வாடகை நீதிமன்றத்தில் அந்தத் தாள் பேசும்.