வேகமா, பிரதியா?

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்யக் கொம்பியூட்டர் வாங்கும் தோட்டத்துப் பிள்ளைகள் எங்களிடம் கேட்பது, "எந்த டிஸ்க் வேகம் சேர்?" என்றுதான்.

வேகத்தை விடப் பிரதிதான் முக்கியம் என்கிறோம் நாங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் ஸ்டீரியோவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறக்குறைய 1 ஜிபி போதும். வேலைக்கு 500 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். மிச்சக் காசில் இரண்டு ஹாட் டிஸ்க் வாங்குங்கள். கரண்ட் காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் எஸ்.எஸ்.டி.யில் உள்ளது அழியலாம்.

ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். 2016இல் அரநாயக்கவில் மலை சரிந்ததையும் 2017இல் இரத்தினபுரி வெள்ளத்தையும் பார்த்தவர்கள் நாங்கள்.

சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைப் புத்தகமாக்கித் தந்தார். சொற்கள் தப்பின. லயத்து அப்பாயிமாரின் குரலுக்கு டிஸ்க்தான் புத்தகம். பதிவு வைத்திருப்பவர்கள் இன்றைக்கே இன்னொரு பிரதி எடுங்கள்.