முட்டைப் பந்து ஜோசியம்

2025 செப்டம்பரில் ஒரு பந்தயத்தில் தோற்றேன். பெரிய தொகையெல்லாம் இல்லை. ஒரு மாசத்துக்குச் சாயங்காலக் காபி. ஜெயித்தவன் என் அக்கா பையன். பந்தயம், ரக்பி மேட்ச் மேல்.

ரக்பி தெரியாதவர்களுக்கு நாலே வரி: ஒரு பக்கத்துக்கு 15 பேர். பந்து முட்டை வடிவம். அதைத் தூக்கிக்கொண்டு ஓடி எதிராளியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். கையால் பந்தை முன்பக்கம் வீசக் கூடாது, பின்னால் வருகிறவனிடம்தான் தர வேண்டும். (எங்கள் ஆபீஸில் ஃபைல் நகர்வதும் இந்த முறையில்தான்!) கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்பது அந்தப் பந்துக்கே தெரியாது. அதை வைத்து ஜோசியம் சொல்லக் கிளம்பினேன், பாருங்கள்!

செப்டம்பர் 6-ம் தேதி ஆக்லாந்து ஈடன் பார்க்கில், சுற்றுப்பயணம் வந்த தென்னாப்பிரிக்காவை நியூசிலாந்து 24-17 என்று ஜெயித்தது. அடுத்த சனிக்கிழமை வெல்லிங்டனில் மறுபடி அதே ரெண்டு டீம். "இதுல யோசிக்க என்னடா இருக்கு? நியூசிலாந்துதான்" என்றேன். இடைவேளையில் நியூசிலாந்து 10-7 முன்னிலை. காபி வாசனையே மூக்கில் ஏறிவிட்டது. அப்புறம் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. தென்னாப்பிரிக்கா வரிசையாக 36 பாயிண்ட் எடுக்க, நியூசிலாந்து ஒன்றுகூட எடுக்கவில்லை. முடிவு 43-10. நியூசிலாந்து தன் டெஸ்ட் சரித்திரத்தில் அதுவரை அப்படி ஓர் உதை வாங்கியதில்லை!

"மாமா, நீங்க சொன்னது ஜோசியம் இல்லை, ஆசை" என்றான் பயல், என் காசில் காபியை உறிஞ்சிக்கொண்டே.

சுருக்கென்றது. பெரிய பெரிய ஆட்களும் இப்படி ஏமாந்திருக்கிறார்களா என்று பழைய கணக்குகளைப் புரட்டினேன். ஆறுதல் கிடைத்தது.

1972 அக்டோபர் 31. இங்கிலாந்துப் பக்கம் டூர் வந்த நியூசிலாந்து, வேல்ஸில் லனெல்லி என்ற ஊரின் கிளப்போடு ஆடியது. (அந்த ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்ல வேல்ஸ்காரர் நாக்குதான் வேண்டும், நம்ம 'ழ' மாதிரி.) உலகத்தையே மிரட்டும் டீம் எங்கே, ஒரு சின்ன ஊர் கிளப் எங்கே? முடிவு: லனெல்லி 9, நியூசிலாந்து 3.

1978 அக்டோபர் 31. மறுபடி நியூசிலாந்து டூர். இந்தத் தடவை அயர்லாந்தில், லிமெரிக் நகரத்தில், மன்ஸ்டர் மாகாண டீம். முடிவு: மன்ஸ்டர் 12, நியூசிலாந்து 0. அந்த டூரில் நியூசிலாந்து ஆடியது 18 மேட்ச். அயர்லாந்து, வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து என்று நாலு நாட்டையும் ஜெயித்தார்கள். தோற்றது இந்த ஒன்றே ஒன்றில்தான். மைதானத்தில் இருந்தது சுமார் 12 ஆயிரம் பேர். 'நேரில் பார்த்தேன்' என்று சொல்கிறவர்களைக் கூட்டினால் லட்சத்தைத் தாண்டும் என்று அயர்லாந்தில் ஒரு கேலி உண்டு.

இரண்டும் ஒரே தேதி. காலண்டரைப் பார்த்தேன். இரண்டுமே செவ்வாய்க்கிழமை! எங்கள் பாட்டி இருந்திருந்தால் நியூசிலாந்தைக் கிளம்பவே விட்டிருக்க மாட்டாள்.

அப்படியானால் சரியாகச் சொன்னவர் ஒருத்தர்கூட இல்லையா? இருக்கிறார். டக் ஸ்மித். ஸ்காட்லாந்து டாக்டர்.

நாலு நாட்டு ஆட்களையும் சேர்த்து 'லயன்ஸ்' என்று ஒரு டீம் டூர் போகும். 1971-ல் அது நியூசிலாந்து போனபோது ஸ்மித்தான் மானேஜர். அதற்குமுன் லயன்ஸ் அங்கே ஒரு தொடரைக்கூட ஜெயித்ததில்லை. 1966-ல் நாலுக்கு நாலு தோல்வி. அந்த லட்சணத்தில் டாக்டர் முன்கூட்டியே சொன்னார்: நாலு டெஸ்டில் ரெண்டு ஜெயிப்போம், ஒண்ணு தோற்போம், ஒண்ணு டிரா.

முதல் டெஸ்ட் 9-3, ஜெயித்தார்கள். இரண்டாவது 12-22, தோற்றார்கள். மூன்றாவது 13-3, ஜெயித்தார்கள். நாலாவதில் லயன்ஸின் ஜே.பி.ஆர். வில்லியம்ஸ் வெகு தூரத்திலிருந்து பந்தைத் தரையில் தட்டி உதைத்து மூன்று பாயிண்ட் வாங்க, லயன்ஸ் 14-11 முன்னிலை. ஐயோ, டாக்டர் வாக்கு பொய்யாகிறதே! காப்பாற்றியது யார் தெரியுமா? எதிராளி! நியூசிலாந்தின் லாரி மெய்ன்ஸ் ஒரு பெனால்டியை உதைத்து 14-14 ஆக்கினார். டிரா. அட்சரம் பிசகவில்லை!

கடைசி உதை அதிர்ஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றதெல்லாம்? ஸ்மித் 1950-ல் ஆட்டக்காரராகவே லயன்ஸோடு நியூசிலாந்து போனவர். அந்தத் தடவை மூன்று தோல்வி, ஒரு டிரா. உதை எப்படி விழும் என்று உடம்புக்கே தெரியும். அதனால்தான் 'நாலும் நமதே' என்று முழங்காமல், ஒரு தோல்வியைப் பட்ஜெட்டிலேயே போட்டு வைத்தார். இரண்டாவது டெஸ்டில் உதை விழுந்தபோது பையன்கள் இடிந்துபோய் உட்காரவில்லை. கணக்கில் இருந்த செலவுதானே! கார்வின் ஜேம்ஸ் என்கிற அருமையான கோச் வேறு. மறுவருஷம் லனெல்லிக்கும் அவர்தான் கோச் என்பதைக் கவனிக்க!

இந்த இடத்தில்தான் நான் கோட்டை விட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்த டீம் தோற்கும் என்று ஒரு தடவைகூட என் வாயால் சொன்னதில்லை. மேட்ச் விஷயத்தில் மட்டுமா? பையன் மார்க், தெருவில் எலெக்ஷன், டாக்டர் எடுக்கச் சொன்ன பிளட் டெஸ்ட்... எல்லாவற்றிலும் ஆசையைச் சொல்லிவிட்டுக் கணிப்பு என்று பேர் வைத்திருக்கிறேன்.

எனவே, இதோ திருந்திய ஜோசியம். லயன்ஸ் அடுத்து நியூசிலாந்து போக வேண்டியது 2029-ல். 1971-க்குப் பிறகு அங்கே தொடரை ஜெயித்ததில்லை. 2017-ல் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, ஒரு டிராவோடு திரும்பினார்கள். நான் லயன்ஸ் கட்சி. இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறேன்: நியூசிலாந்து 2, லயன்ஸ் 1.

அக்கா பையனிடம் சொன்னேன். "பந்தயமா மாமா?" என்றான், கண் பளபளக்க.

"கட்றேன்டா. ஆனா செவ்வாய்க்கிழமை மேட்ச் மட்டும் கணக்குல கிடையாது!"